ஜன்னலுக்கு வெளியே ஐந்து நிமிடம்

நியெண்டோ சந்தையில் நொயரினாவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. தக்காளியை அமுக்கிப் பார்ப்பவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும், "வாங்கறதா இருந்தா வாங்கு, இல்லாட்டி கையை எடு. அது என்ன உன் பொண்டாட்டி கன்னமா?" என்று கேட்டுவிடுவாள். புருஷன் செத்த பிறகு அந்த வாயை வைத்துத்தான் இரண்டு பெண்களை வளர்த்தாள். மூத்தவள் ரோபினாவை ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தாள். இளையவள் நகாயி ஏழாம் வகுப்பு. வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. அப்பேர்ப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நகாயியின் வகுப்பாசிரியராக அந்த வருடம் மாற்றலாகி வந்தவன் வேறு யாருமில்லை, நொயரினாவின் சொந்த மருமகன், ரோபினாவின் புருஷன் செமாகுலா. அந்த ஊர் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது. மகள் வீட்டு வாசலை மாமியார் மிதிக்கக் கூடாது. மீறினால் சாகும்வரை உடம்பு நடுங்கும் என்பார்கள். தெருவில் அவன் தலை தெரிந்தாலே அவள் வாழைத்தோப்புக்குள் இறங்கிவிடுவாள். அதனால் பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் பக்கத்து வீட்டு நலோங்கோவைத்தான் அனுப்பினாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊருக்கே அவள் நலோங்கோ. அவளும் தலைக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மணி அடித்ததும் எழுந்து வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்று சொல்லிவிடுவாள். ஊரான் பிள்ளை படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன!

இந்தத் தடவை தலைமையாசிரியை கடிதமே எழுதிவிட்டார். நகாயி தினமும் தாமதமாக வருகிறாள். கணக்கில் எண்பது வாங்கியவள் இப்போது இருபத்தொன்று. பெற்றவள் நேரில் வந்து ஆசிரியரிடம் பேசிக் கையெழுத்துப் போடாவிட்டால், பரீட்சைப் பட்டியலில் பெயரை அடித்துவிடுவோம்.

"நாலு மணிக்குப் பட்டியல் போயிடும்மா" என்றார் தலைமையாசிரியை. அப்போதே மூன்றரை தாண்டிவிட்டது.

"அவர் என் மருமகன் மேடம். நான் எப்படி உள்ள போறது?"

அந்த அம்மாளும் அந்த ஊர்க்காரர்தானே. கொஞ்சம் யோசித்தார். "ஜன்னலுக்கு வெளியில சுவர்ல முதுகு வெச்சு உக்காருங்க. அவர் கரும்பலகையைப் பாத்து உக்காரட்டும். உங்க பொண்ணு நடுவுல நின்னு பேச்சைக் கடத்தட்டும். அஞ்சே நிமிஷம்."

அப்படியே ஏற்பாடாயிற்று. ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதென்றால் உரக்கத்தான் பேச வேண்டும். வராந்தாவில் வரிசையில் நின்ற முப்பது பேர் காதும் அந்த ஜன்னலில்தான் இருந்தது. "நொயரினா குரல் சந்தைக்கு அப்புறம் இங்கதான் நல்லா எடுபடுது!" என்றாள் நலோங்கோ. யாரோ சிரித்தார்கள்.

செமாகுலா தொண்டையைச் செருமினான். "நகாயி, அம்மாகிட்ட கேளு. பரீட்சை எழுதப்போற பிள்ளையைக் காலையில எதுக்கு சந்தைக்கு இழுத்துட்டுப் போறாங்க?"

நகாயி ஜன்னலோரம் மண்டியிட்டாள். "அம்மா, சார் உங்க உடம்பு சௌக்கியமான்னு கேக்கறார்."

"எனக்குக் காது இருக்குடி கழுதை!" என்றாள் நொயரினா. "அவர்கிட்ட சொல்லு. நான் எந்தப் பிள்ளையையும் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகல. அஞ்சரைக்கு டீ குடுத்து வீட்டை விட்டு அனுப்பறேன். விடியக்கால வகுப்புக்கு வரச் சொன்னவரே அவர்தானே?"

உள்ளே செமாகுலா வருகைப் பதிவேட்டைப் புரட்டினான்.

"இந்தத் தவணையில விடியக்கால வகுப்புக்கு அவ ஒரு நாள்கூட வரலைன்னு சொல்லு. எட்டரைக்குத்தான் வர்றா."

நொயரினா கணக்குப் போட்டாள். ஐந்தரையிலிருந்து எட்டரை. மூன்று மணி நேரம், பதிமூன்று வயதுப் பெண். முச்சந்தியில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் தடியன்கள் ஒவ்வொருவனாக அவள் கண்ணுக்குள் வந்துபோனார்கள்.

"யாருடி அவன்?"

"யாருமில்லம்மா."

"அம்மாதான் சந்தைக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு ரோபினா என்கிட்ட ரெண்டு தடவை சொன்னான்னு சொல்லு" என்றான் செமாகுலா.

"என்கிட்ட அவ, மாப்பிள்ளை நல்லா படிக்க வைக்கிறார்னு சொல்லி அனுப்பினாளேடி!"

ரோபினா ஒருத்தியே இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கதை சொல்லியிருக்கிறாள். இரண்டு கதையும் அதுவரை ஒன்றையொன்று பார்த்ததில்லை.

"இன்னும் ஒரு நிமிஷம்" என்றார் தலைமையாசிரியை. வகுப்பு மேஜையில் பட்டியலை விரித்து, நகாயி பெயருக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டார். "மூணு மணி நேரம் எங்க போறேன்னு சொல்லு. இல்லாட்டி என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நகாயி விம்மினாள். "அக்கா வீட்டுக்கு. சார் கிளம்பினதும் போவேன். அக்கா சுவரைப் பாத்துப் படுத்திருப்பா. குழந்தை கத்திக்கிட்டே கெடக்கும், தூக்க மாட்டா. நான் மார்ல எடுத்து வெச்சாத்தான் பால் குடுப்பா. தண்ணி எடுத்து, துணி அலசி, அக்காவையும் குழந்தையையும் குளிக்க வெச்சுட்டு ஓடி வருவேன். சாயந்தரமும் சார் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடுவேன். தெரிஞ்சா சார் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிடுவாராம், அம்மா தலைகுனியணுமாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா." அவளுக்கு மூச்சு இரைத்தது. "இன்னிக்குக் காலையில, குழந்தையை யாருக்காவது குடுத்துடுன்னு சொன்னா. நான் பயந்துட்டேம்மா."

"எனக்குத் தெரியாதுன்னு..." என்று தொடங்கி நிறுத்தினான் செமாகுலா. "அம்மாகிட்ட சொல்லு நகாயி. எனக்குத் தெரியாது. சாயந்தரம் நான் வீட்டுக்குப் போறப்ப குழந்தை குளிச்சு சுத்தமா இருக்கும். ரோபினா நல்லா பாத்துக்கறான்னுதான் நெனச்சேன்."

நொயரினாவுக்கு அவன்மேல் கோபம் பொங்கியது. அதைவிடத் தன்மேல்தான் அதிகம் பொங்கியது. குழந்தை பிறந்து மூன்று மாதம். 'மழை நிக்கட்டும்மா, தூக்கிட்டு வர்றேன்' என்று மகள் சொல்லி அனுப்பினாள். இவளும் சரியென்று தக்காளி விற்றுக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு ஒரு மைல் தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றும் அறியாமல் போயிற்றே!

மணி அடித்தது.

"கையெழுத்து" என்றார் தலைமையாசிரியை. "பேப்பரை ஜன்னல் வழியா குடுக்கறேன், இருங்க."

அவள் இருக்கவில்லை. எழுந்தாள், முந்தானையை இடுப்பில் இறுக்கினாள், நேராக வாசல் வழியாக வகுப்புக்குள் நுழைந்தாள்.

"ஐயையோ, உள்ள போறாளே!" என்று அலறினாள் நலோங்கோ.

செமாகுலா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் மேஜைமேல் குனிந்து, கோணல் மாணலாகக் கையெழுத்தைப் போட்டாள். பிறகு நகாயியைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே பேசினாள்.

"மாப்பிள்ளை, கையை எடுங்க. உங்க சைக்கிள் எங்க இருக்கு?"

அவன் மெல்ல நிமிர்ந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "வெளியில... மரத்தடியில."

"எடுத்துட்டு வாங்க. நடந்து போனா நேரமாயிடும். பின்னால உக்காந்துக்கறேன்."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். நகாயியின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. "போங்க சார். மீதி பெற்றோரை நான் பாத்துக்கறேன்."

செமாகுலாவின் வீட்டுக்குச் சந்தை வழியாகத்தான் போக வேண்டும். கடைக்காரர்கள் எல்லாரும் வியாபாரத்தை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். நொயரினா பட்டப்பகலில் மருமகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வேகமா மிதிங்க மாப்பிள்ளை, இன்னும் வேகமா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.