ஏறின பாட்டு இறங்காது

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் கட்டைவிரலார். அந்த 'ஆர்' மரியாதைக்கு வந்ததல்ல, கேலிக்குச் சேர்த்தது. படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் பெரிய உருளை, ஒரு நாள் விரிப்போடு அவருடைய வலது கையையும் உள்ளே இழுத்துத் தேய்த்துவிட்டது. நான்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியபடியே நின்றுபோயின. கட்டைவிரல் மட்டும் தப்பித்தது.

"பரவால்லையே, இஸ்திரி நல்லாத்தான் விழுந்திருக்கு, ஒரு சுருக்கம் இல்ல" என்றாள் மேற்பார்வை அக்கா, கட்டுப் பிரித்த அன்றைக்கு. கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்காதவனுக்கு அங்கே இரண்டாவது பெயரும் வைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு அவரை உலர்த்தும் இயந்திரங்களின் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஈரத்துணியை அள்ளிப் போடுவது, கதவைச் சாத்துவது, காய்ந்ததும் அள்ளி எடுப்பது. இடையில் இருக்கும் நேரம் அவருடையது. கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பாட்டுப் போடுவார். போனில் அதற்கென்று ஒரு ஆப் இருந்தது. நிற நிறமாகச் சின்னக் கட்டங்கள். ஒன்றைத் தட்டினால் தாளம், ஒன்றை இழுத்தால் குழல். ஒரு கட்டைவிரல் உள்ள மனிதனுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போல இருந்தது அது. உலகத்தில் வேறு எதையும் யாரும் அப்படிச் செய்து வைக்கவில்லை, கழிப்பறைத் தாழ்ப்பாள் உட்பட.

அவருடைய பாட்டின் அடியில் ஓடியது உலர்த்தியின் சத்தம்தான். நோயாளிச் சட்டையின் உலோகப் பொத்தான் உருளைக்குள் சுற்றி வந்து மோதும்: டக். கொஞ்சம் தள்ளி, டக். அதைப் போனிலேயே பிடித்து வைத்து, அதன் மேல் ஒரு குழலை நடக்கவிட்டிருந்தார். குழல் ஒரு படி இறங்கும். இறங்குகிற இடத்தில் சரியாக அந்த டக் வந்து காலைப் பிடித்துக்கொள்ளும். மனைவிக்குப் போட்டுக் காட்டினார்.

"நல்லாருக்குங்க. ஆனா பின்னாடி என்ன, யாரோ கதவத் தட்டற மாதிரி?"

"அதாண்டி பாட்டே."

"அப்ப முன்னாடி வர்றது?"

அவர் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. மிஞ்சியிருந்த அந்த ஒரு விரல் வீங்க ஆரம்பித்தது. கை மருத்துவர் அழுத்திப் பார்த்தார், கட்டைவிரலார் கத்தினார், கத்தி முடிக்கும்வரை மருத்துவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"போன்ல நாள் பூரா தேய்க்கறீங்களா? நரம்பு பழுத்துக் கிடக்கு. ஒண்ணு போனை வைங்க, இல்ல விரலை மறந்துடுங்க. அதே ஆப் கம்ப்யூட்டருக்கும் இருக்குமே, அதுக்கு மாறிக்கறதுதானே?"

மாறிக்கொள்ளலாம்தான். கம்ப்யூட்டர் மச்சானிடம் இருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கடைகளுக்கு 'இன்றே கடைசி' அறிவிப்புகள் பதிவு செய்து கொடுப்பவர். வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தார். பெரிய திரை, பெரிய பெட்டி, சுழல் நாற்காலி, கூடவே அதே ஆப்பின், காசு கொடுத்து வாங்கிய முழுப் பதிப்பு. எல்லாம் இருந்தது, பாட்டு ஒன்றைத் தவிர. ஒரு மெட்டுக்காகப் பல காலமாக வலை வீசிக்கொண்டிருந்தார், வந்ததெல்லாம் பாசி.

அந்த நேரம் பார்த்து மருத்துவமனையில் அறிவிப்பு ஒட்டினார்கள். தொலைபேசியில் காத்திருப்பவர்களுக்குப் புது இசை வேண்டுமாம். ஊழியர்கள் கொடுக்கலாம், அவர்கள் குடும்பத்தாரும் கொடுக்கலாம். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிக் கோப்பாக வர வேண்டும். போன் பதிப்பு எல்லாவற்றையும் பிசைந்து ஒரே உருண்டையாகத்தான் கொடுக்கும்.

"அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போங்க" என்றாள் மனைவி. "விரலும் பிழைக்கும், பாட்டும் பிழைக்கும்."

"போன்ல இருந்தா என் பாட்டு என் பையில இருக்குடி."

"உங்க பையில வீட்டுச் சாவியே தங்காது."

அவர் நாலு நாள் யோசித்தார். விரல் யோசிக்க விடவில்லை. ஐந்தாம் நாள் பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

மச்சான் சுழல் நாற்காலியில் இருந்து எழவில்லை. ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். "வாங்க மாப்ள. இதுதான் உங்க காவியமா? பொட்டுப் பொட்டா, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

மச்சான் அவருடைய ஆப் கணக்கில் நுழைந்ததும், போனில் இருந்த பாட்டு திரையில் ஏறி விரிந்தது. இத்தனை பெரிதாக அதை அவர் பார்த்ததில்லை. தன் வீட்டைப் பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பது போல இருந்தது. அப்போது திரை நடுவில் ஒரு சிறு பெட்டி வந்து நின்றது. உள்ளே ஆங்கிலத்தில் நாலு வரி. அந்த எழுத்துகளுக்கும் அவருக்கும் பழக்கம் இல்லை.

"என்ன மச்சான் கேக்குது?"

மச்சான் முழுவதையும் நிதானமாகப் படித்தார். "சேமிக்கலாமான்னு கேக்குது. உங்க பாட்டு, நீங்களே அழுத்துங்க. நாளைக்கு நான் அழுத்தினேன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க."

கட்டைவிரலார் எழுந்துபோய், மச்சான் காட்டிய விசையை வீங்கிய விரலால் மெல்ல அழுத்தினார். மச்சான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் கூடையில் உட்கார்ந்து போனைத் திறந்தார். மற்ற பாட்டுகள் எல்லாம் நிறத்தோடு இருந்தன. அது மட்டும் சாம்பலாக இருந்தது. தட்டினால் திறக்கவில்லை, ஏதோ எழுதிக் காட்டியது. துணி மடிக்கும் பெண்ணிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"பெரிய பதிப்புல சேமிச்சுட்டீங்களாம்ண்ணே. இனிமே சின்னதுல திறக்காதாம்."

"பழசு இருக்குமேம்மா, போன்ல இருந்தது?"

அவள் இன்னொரு முறை படித்தாள். "ரெண்டுக்கும் ஒரே கணக்காம். அதனால பழசு மேலயே புதுசு எழுதிடுச்சு. கேட்டுட்டுத்தான் எழுதிருக்கு. நீங்க சரின்னு சொல்லிருக்கீங்க."

அன்று மாலை அவர் பின்னறைக்குப் போனபோது மனைவியும் அங்கே இருந்தாள், அண்ணனுக்கு டீ ஆற்றிக்கொண்டு. முட்டை அட்டைகளுக்கு நடுவே அவருடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதி பாட்டு. குழல் இருந்தது, டக் இல்லை.

"மச்சான், போன்ல திறக்க மாட்டேங்குதே."

"திறக்காது மாப்ள. சின்னதுலேர்ந்து பெருசுக்கு ஏறும், பெருசுலேர்ந்து சின்னதுக்கு எறங்காது. கட்டிக் குடுத்த பொண்ணு மாதிரின்னு வெச்சுக்கங்களேன்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். தங்கையும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமத்தான் இதை வாங்கி வெச்சிருக்கேனா?"

"அந்த டக் எங்க?"

"துடைச்சுட்டேன். இரைச்சல் நீக்கறதுக்குன்னே ஒரு கருவி இருக்கு இதுல, துடைச்சா கண்ணாடி. ஈரத்துணி சத்தத்தைப் போய் நோயாளி காதுல ஊத்துவாங்களா?"

"அது இல்லாம குழல் எறங்க எடமில்ல மச்சான். நானே சரி பண்றேன், கொஞ்சம் எழுந்திரிங்க."

மச்சான் உடனே எழுந்துகொண்டார். அவ்வளவு சுலபமாக எழுந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வலது கையால் மவுஸைப் பிடிக்க முடியவில்லை. மடங்கிய விரல்கள் அதைத் தள்ளிக்கொண்டே போயின. இடது கைக்கு மாற்றினார். அம்புக்குறி மூலைக்கு ஓடியது, இழுத்தார், எதிர் மூலைக்கு ஓடியது. பூனையைப் பிடிக்கப் போன குருடனைப் போலத் திரை முழுக்கத் துழாவினார். குழலில் ஒரு துண்டு கழன்று எங்கோ போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மச்சான் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காருவதற்குள் அது குடும்பக் குழுவில் வந்துவிட்டது: 'இசைமேதை பணியில்'. கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அதில் ஒரு முகம் அவர் மனைவியுடையது.

படுக்கப் போகும் முன் கேட்டார்: "உனக்குமா தெரியும்?"

"பாட்டு குடும்பத்துக்குள்ளதானே இருக்கு. வெளியாளா எடுத்துட்டான்?" போர்வையை இழுத்துக்கொண்டாள். "உங்க பேர்ல குடுத்தா, சலவைக்கூடத்துக்காரன் போட்டதுன்னு கேட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. அண்ணனுக்குன்னா ஸ்டுடியோ இருக்கு."

அதுவும் உண்மையாக இருந்தது என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

மச்சான் பெயரில் போன பாட்டு தேர்வானது. வரவேற்புக் கூடத்தில் மச்சானுக்குச் சால்வை போட்டார்கள். நிர்வாகி கைகுலுக்கியபோது மச்சான் பெருந்தன்மையோடு பின்னால் திரும்பி, "இது எங்க மாப்ள. இங்கதான் சலவையில இருக்காரு" என்றார். நிர்வாகி அவருக்கும் கையை நீட்டினார். அவருடைய கையைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையால் தன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அதன் பிறகு அவர் போனில் புதிதாக எதையும் தொடங்கவில்லை. இருந்தும் விரல் ஆறவில்லை. உள்ளங்கை வரை வலி இறங்கியது. கை மருத்துவரிடம் மறுபடி நேரம் வாங்கியாக வேண்டும், மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். உலர்த்திகளின் பக்கத்தில் கூடையில் உட்கார்ந்து, அதே மருத்துவமனையின் மேல் மாடிக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊழியர்களும் அப்படித்தான் அழைக்க வேண்டும்.

"தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது பதிவுக் குரல். பிறகு குழல் ஆரம்பித்தது.

கழுவித் துடைத்த குழல். அடியில் ஏதோ பஞ்சு போன்ற தாளம். போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் குழல் ஒரு படி இறங்கியது, அந்த இடத்தில், மிக மெல்லிதாக, டக்.

இயந்திரத்தில் இருந்து வந்ததா, போனில் இருந்து வந்ததா? இயந்திரத்தை நிறுத்தினார். கூடம் அமைதியானது. மச்சானின் கருவி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, குழலோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் விட்டிருக்குமோ? பாட்டு முதலுக்குத் திரும்பி மறுபடி அந்த இடத்துக்கு வந்தது. குழல் காலைத் தூக்கியது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றது பதிவுக் குரல், சரியாக அந்தப் படியின் மேல்.

அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார். போனைக் காதில் வைத்து அழுத்தியதில் கட்டைவிரல் துடித்தது. குழல் வந்தது, ஏறியது, நின்றது.

"வணக்கம், சொல்லுங்க." உயிருள்ள பெண் குரல்.

"அம்மா, ஒரு நிமிஷம்... என்னைத் திரும்பக் காத்திருக்க வைக்க முடியுமா?"

"என்னது?"

"அந்தப் பாட்டு... ஒரே ஒரு தடவ. ஒரு எடம் கேக்கணும்."

"யாருங்க நீங்க? டாக்டர் நேரம் வேணுமா வேணாமா? கடைசி எடம் ஒண்ணுதான் இருக்கு."

"வேணும்மா. ஆனா அதுக்கு முன்னாடி—"

"வேற வேலை இல்லையா உங்களுக்கு?" வைத்துவிட்டாள்.

மறுபடி அழைத்தார். இந்த முறை மணி ஒன்றுகூட முழுதாக அடிக்கவில்லை. அதே பெண் உடனே எடுத்தாள். இந்த மாதத்துக்கு முடிந்துவிட்டது என்றாள்.

மேற்பார்வை அக்கா வந்து நின்ற இயந்திரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "என்ன கட்டைவிரலாரே, கச்சேரியா? யார் நிறுத்தச் சொன்னது?"

அவர் எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார், முழங்கையால். உருளை சுற்ற ஆரம்பித்தது.