வெள்ளவத்தையில் செத்த காட்டேரி

போன கிழமை காலி வீதியில் பஸ் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய் இளநீர் குடித்துவிட்டு வந்தும் நகரவில்லை. பொழுது போகாமல் போனைத் திறந்தால் மருமகள் ஓர் இணையப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். "மாமி, உங்கட காலத்துப் பேய்க்கதையாம். சனம் அடிபடுது, பாருங்கோ." பார்த்தேன். இரத்தக்காட்டேரி பூபதியின் கதை வரிசையில் பன்னிரண்டாம் பாகம். கீழே உலகமெங்கும் உள்ள தமிழர்கள் நட்சத்திரம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இப்படியொரு முடிவை எந்த நாவலிலும் படித்ததில்லை என்கிறார். அடுத்தவர் ஒன்று கொடுத்திருக்கிறார், அதுவும் பூச்சியம் கொடுக்க வழியில்லாத கோபத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சண்டை தொடங்கியபோது நான் பக்கத்தில் நின்றவள்.

அது புஷ்பமக்காவின் லைப்ரரி. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு லேனில், அவ வீட்டு முன்னறையில் இருந்தது. கடற்காற்றில் ஊறிய தாளின் மணமும், கோதுமை மாப் பசையின் புளித்த மணமும் இன்றைக்கும் எங்கேயாவது சேர்ந்து வந்தால் நான் செருப்பைக் கழற்றிவிடுவேன். அந்த முன்னறைக்குள் யாரும் செருப்போடு போக முடியாது. புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டவும் முடியாது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பா, பூபதி தோற்றான்.

பூபதியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவன் ஒரு ஜமீன்தார். செத்து இருநூறு வருடமாகியும் மீசை நரைக்கவில்லை. பகலில் கருங்காலிப் பெட்டிக்குள் படுத்திருப்பான், பொழுது சாய்ந்தால் எழும்பி யாருடைய கழுத்தையாவது கடிப்பான். ஒவ்வொரு பாகத்திலும் மாலினி என்ற அழகி அவனுக்காகக் காத்திருப்பாள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் அவன், "அடுத்த பௌர்ணமிவரை பொறு, கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் படுத்துவிடுவான். ஒன்பதாம் பாகத்தில் லண்டனுக்குக்கூடப் போய்வந்தான். எங்கள் லேனில் இருந்த லொட்ஜ்காரர்கள் அவன் இரத்தம் குடித்ததை நம்பினார்கள், விசா இல்லாமல் லண்டன் போனதைத்தான் கடைசிவரை நம்பவில்லை.

லொட்ஜ்காரர் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள். அந்த நாளில் வெள்ளவத்தையில் எல்லாரும் எதற்காவது காத்திருந்தார்கள். ஸ்பொன்சருக்கு, ஏஜென்சிக்காரனுக்கு, கொமியூனிகேஷன் கடையில் வரப்போகும் ஒரு டெலிபோன் அழைப்புக்கு. காத்திருப்பவனுக்குக் கதைப்புத்தகத்தைவிட வேறென்ன வேலை? அதனால்தான் லைப்ரரியும் ஓடியது.

புஷ்பமக்காவும் காத்திருந்தவதான். குகன் என்ற மாப்பிள்ளை ஜெர்மனியில் இருந்தார். நிச்சயம் செய்து, மோதிரமும் அனுப்பி, ஒன்பது வருடம். ஒவ்வொரு தையிலும் "சித்திரைக்கு வாறன்" என்பார். ஒவ்வொரு சித்திரையிலும் "தைக்கு" என்பார். அவருடைய சித்தப்பா சிவகுரு மாமா எங்கள் லேன் லொட்ஜிலேயே கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். பெறாமகனின் சார்பில் அக்காவுக்கு ஆறுதல் சொல்வதும், பூபதி கதை படிப்பதும்தான் அவருடைய இரண்டு தொழில்கள். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வார்.

பன்னிரண்டாம் பாகத்தை முதலில் எடுத்துப்போன வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. அந்த வீட்டுக் குழந்தை கடைசி நாலு பக்கத்தையும் தின்றுவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாய்க்காரி அழாத குறையாகப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, முடிவை வாயால் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் லைப்ரரியில் அதுதான் வழக்கம். பக்கம் கிழிந்தால் படித்தவரிடம் கதையைக் கேட்டு, அக்கா கோடு போட்ட சீஆர் கொப்பித் தாளில் தன் கையால் எழுதி ஒட்டிவிடுவா. அவவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அச்சைவிட அதைத்தான் நாங்கள் நம்பினோம்.

இந்தமுறை ஒட்டிய பக்கங்களில் பூபதி வழக்கம்போல, "அடுத்த பௌர்ணமிவரை பொறு, கண்ணே" என்றான். மாலினி, "சரி, நீங்கள் படுங்கள்" என்றாள். அவன் நம்பிக் கண்ணை மூடினான். அவள் குசினிக்குப் போய்க் கீரை கடையும் மத்தை எடுத்துவந்து, அவன் நெஞ்சில் இறக்கினாள். பிறகு மத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். முற்றும்.

பதினொரு பாகமாக மாளிகையில் வெள்ளிக் கிண்ணத்தில் பால் குடித்தவள் திடீரென்று தேத்தண்ணி குடிப்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. லேன் இரண்டாகப் பிளந்ததுதான் மிச்சம். அந்த லைப்ரரியில் எல்லாரும் கடைசி வெற்றுத் தாளில் அபிப்பிராயம் எழுதுவார்கள். இந்தப் புத்தகத்துக்குத் தாள் போதாமல் அட்டையின் உட்பக்கமும் நிறைந்தது. 'பாவம் பூபதி.' 'பாவமாம். உம்முடைய கழுத்தைக் கடித்திருக்கவேணும்.' 'அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.' இதற்குக் கீழே மட்டும் அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி: 'நீர் பொறுத்துப் பாரும்.'

நான் பூபதி கட்சி. அந்த வயதில் மீசை வைத்த எவனுக்கும் கழுத்தை நீட்டத் தயாராக இருந்தவள், வேறெந்தக் கட்சியில் சேருவேன்?

அப்போது நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக் கந்தோரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை ஸ்டெல்லா, கொட்டாஞ்சேனைக்காரி. அவளும் பூபதி வாசகி, ஆனால் அவளுக்கு வேறு லைப்ரரி. சாப்பாட்டு நேரத்தில் பூபதி செத்ததைச் சொல்லி நான் கண் கலங்கினேன். அவள் சோற்றுப் பார்சலை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செத்துட்டானா? யாரடி சொன்னது? எங்கட புக்ல பெட்டிக்குள்ள போய்ப் படுத்துட்டான். அவள் அழுதுகொண்டு காத்திருக்கிறாள்."

"மத்து?"

"என்ன மத்து?"

அன்று பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் லைப்ரரிக்குப் போனேன். அக்கா பசை கிண்டிக்கொண்டிருந்தா.

"அக்கா, அந்தக் குழந்தையின்ட அம்மா உங்களுக்கு முடிவைச் சரியாச் சொல்லேல்லையோ?"

"சொன்னவ."

"அப்ப?"

"எனக்குப் பிடிக்கேல்லை."

இவ்வளவுதான் விளக்கம். பிள்ளை பக்கத்தைத் தின்ற குற்றத்துக்காகத் தாய்க்காரி, ஒட்டிய முடிவு வேறு என்று வாயே திறந்திருக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அக்காவின் முகம் அப்படி இருந்தது. அது கதைப்புத்தகத்தைப் பற்றிய முகமே இல்லை. பூபதி கட்சியை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

சிவகுரு மாமாவுக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், நாற்காலியில் அமர்ந்து செருமினார்.

"பிள்ளை, உந்தப் பெட்டை அவசரப்பட்டிட்டாள்."

"ஒன்பது வருஷம் அவசரமோ, மாமா?"

"நான் புத்தகத்தைச் சொல்லுறன்."

"நானும் புத்தகத்தைத்தான் சொல்லுறன்."

மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை. இரண்டு மாதம் கழித்து, பதின்மூன்றாம் பாகம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கையோடு புறக்கோட்டைக்குப் போய் முதல் பிரதியை வாங்கிவந்தார். சனிக்கிழமை, முன்னறை நிறைய ஆட்கள். அட்டையில் பூபதி மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தான். மாமா அதைத் தேர்தலில் வென்றவர்போலத் தூக்கிக் காட்டினார். "பாருங்கோ, அவர் உயிரோடை இருக்கிறார்! இந்தப் பிள்ளை எங்களை ஏமாத்திப்போட்டுது." பிறகு குரலைத் தாழ்த்தி அக்காவிடம், "குகனும் டெலிபோன் கோல் எடுத்தவன். இந்தமுறை சித்திரைக்கு டிக்கெட் போடுறானாம். கொஞ்சம் பொறு, பிள்ளை" என்றார்.

தாழ்த்திய குரல் எல்லாருக்கும் கேட்டது. பூபதி கட்சிக்காரர்கள் அக்காவின் வாயைப் பார்த்தார்கள். நான் அவவின் கையைப் பார்த்தேன். மோதிரம் இறுகிப்போயிருந்தது, பசைக் கையால் திருகித் திருகித்தான் கழற்றினா. பதின்மூன்றாம் பாகத்தின் மேல், பூபதியின் மீசைக்குப் பக்கத்தில் அதை வைத்து, இரண்டையும் மாமாவின் பக்கம் தள்ளினா.

"இந்த லைப்ரரியில அவர் செத்துப்போனார், மாமா. அவை ரெண்டு பேரும்."

அந்தக் கிழமையே லொட்ஜ்காரர் பலர் பதின்மூன்றாம் பாகம் தேடிக் கொட்டாஞ்சேனை லைப்ரரிக்கு மாறிப்போனார்கள். மற்ற வாசகர்களையும் இழந்துவிடாதே என்று அக்காவின் தாய் மன்றாடிப் பார்த்தா. அக்கா கேட்கவில்லை. பூபதி வரிசை எங்கள் அலுமாரியில் பன்னிரண்டோடு நின்றது. லேன் பெண்கள் மட்டும் ஒருத்தி பாக்கியில்லாமல் தொடர்ந்து வந்தார்கள். சிலர் அந்த நாலு பக்கத்தை மட்டும் வாசிக்கப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள்.

குகன் அந்தச் சித்திரைக்கும் வரவில்லை. அக்கா பிறகு ஹெந்தளையில் ஒரு பேக்கரிக்காரரைக் கலியாணம் கட்டினா. அவருக்கு மீசையே கிடையாது. விடியப் போனால் பின்னேரம் வந்துவிடுவார். "அது பெரிய விசயமடி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறா. போன வருடம் இதே மாதம் அக்கா காலமானா. பேக்கரிக்காரர் பெட்டிக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை.

பஸ் இன்னும் நகரவில்லை. இணையப் பக்கத்தில் யாரோ அந்தப் புத்தகத்தை முழுதாகப் படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். கடைசிக்குத் தள்ளிப் பார்த்தேன். சீஆர் கொப்பித் தாள். நீலக் கோடு. முத்து முத்தான எழுத்து. லேன் வீட்டை இடித்து மாடிவீடு கட்டியபோது நடைபாதைப் புத்தகக்காரனுக்குப் போன பிரதிதான், எந்தக் கை மாறியோ அங்கே வந்து கிடந்தது. 'கடைசி நாலு பக்கம் வேறு யாரோ எழுதியது, அதுதான் இந்த வரிசையிலேயே உருப்படியான எழுத்து' என்று ஒருவர். 'மோசடி' என்று இன்னொருவர். பசையின் மணம் வந்ததுபோல இருந்தது, போனிலிருந்து எப்படி வரும்? இதைக் காட்ட அக்கா இல்லையே என்று, பஸ்ஸுக்குள் வெட்கமில்லாமல் அழுதேன்.

இறங்கவேண்டிய இடம் வரும்வரை அபிப்பிராயங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அந்த லேன் இல்லை. லொட்ஜ் இல்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கனடாவுக்கும் வேறிடத்துக்குமாக. ஆனால் அடியில், நேற்றுத்தான் யாரோ எழுதியிருந்தார்: 'அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.'

அதற்குக் கீழே பதில் எழுத ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது. 'நீர் பொறுத்துப் பாரும்' என்று எழுதினேன். பெயர் கேட்டது. புஷ்பம் என்று போட்டேன்.