பச்சையை மட்டும் சொருகச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தூத்துக்குடியில் என் கடையில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஆக்சஸரீஸ் கடை வைத்திருக்கிறேன். மவுஸ், கீபோர்டு, பென் டிரைவ், சார்ஜர், விதவிதமான வயர்கள். இந்த ஊரில் இந்த வியாபாரம் படுக்கவே படுக்காது. எல்லாம் உப்புக் காற்றின் புண்ணியம். லேப்டாப்பில் வயர் சொருகும் ஓட்டைகள் ரெண்டே வருடத்தில் பச்சை பூத்துப் போகும். கீபோர்டில் நாலு எழுத்து விழாது. ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆனால் வருகிறவர்கள் கேட்கிற கேள்வி இருக்கிறதே, அப்பப்பா! வயர்லெஸ் மவுஸை வாங்கிப்போய், பேட்டரிக்கு இடையில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல், "ஓட மாட்டேங்குதுவே" என்று பக்கத்து ஊர்ப் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போட்டவர் உண்டு. பிரிண்டரில் தாள் வைக்காமலே பிரிண்டர் செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்த வாத்தியாரும் உண்டு. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, எனக்குப் பொறுமை என்பது மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும். ஒருவர் வாயைத் திறக்கும்போதே பாதியில் வெட்டி, "புரியுது, புரியுது, இந்தாங்க" என்று பொருளை எடுத்து நீட்டிவிடுவேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் திருச்செந்தூர் பக்கம் பனங்காட்டு ஊர்க்காரர்கள். சொந்தபந்தம் முழுக்கப் பலசரக்குக் கடைதான். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் ரத்தத்திலேயே ஊறியிருக்கும். கடையில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடாது. அதிலும் விளக்கு வைத்த பிறகு சொல்லவே கூடாது. கேட்ட பொருள் இருப்பு இல்லையென்றால் 'நாளைக்கு வரும்' என்போம். அதைவிட நல்லது, இருக்கிற வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிடுவது. வந்தவர் வெறுங்கையோடு படி இறங்கக்கூடாது. ஒரு சோப்பு கேட்டால் இன்னொரு சோப்பை நீட்டி "இதுவும் நல்லா நுரைக்கும்" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது. அதே பழக்கத்தை நான் கம்ப்யூட்டர் கடைக்கும் கொண்டுவந்திருந்தேன்.

அன்றைக்கு அப்போதுதான் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முகம் காற்றில் காய்ந்து போயிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதில் ஏதோ ஃபைலும் காகிதங்களும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, லேப்டாப்புல மாட்டுத ஹெட்போன் வேணும். பேசுத மைக்கும் சேந்து இருக்கணும்னு எம் பிள்ள சொல்லிவிட்டா."

"என்ன லேப்டாப்பு? கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்ல, வீட்ல இருக்கு. ஆலந்தலையில. பள்ளிக்கூடத்துல பிள்ளைக்கு சும்மா குடுத்த லேப்டாப்புதான். ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. உள்ள இருக்க மைக்கு செத்துப்போச்சு. நாளைக்குக் காலையில ஒரு முக்கியமான..."

"புரியுதும்மா, புரியுது" என்று வெட்டினேன். பக்கத்தில் ஒருவர் பென் டிரைவ் கேட்டு நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஹெட்செட்டில் ரெண்டு வகை. ஒரே முனை உள்ளது புது வகை. அந்த ஒரு முனையிலேயே கேட்பதும் பேசுவதும் நடந்துவிடும். பழைய வகையில் ரெண்டு முனை இருக்கும். பச்சை முனை கேட்க, ரோஸ் முனை பேச. ஒரே ஓட்டை உள்ள லேப்டாப்பில் ரெண்டு முனையைச் சொருக வேண்டுமென்றால் நடுவில் ஒரு சின்ன இணைப்பு வயர் வேண்டும். அன்றைக்கு என்னிடம் ஒரு முனை ஹெட்செட்டும் இல்லை, இணைப்பு வயரும் இல்லை. மறுநாள் பார்சலில்தான் வரவேண்டும். ரெண்டு முனை வகை மட்டும் ரெண்டு பெட்டி கிடந்தது.

நாலு கடை தள்ளி இன்னொரு கடை. அங்கே ஒரு முனை ஹெட்செட் சரமாகத் தொங்குவது எனக்கு நன்றாகத் தெரியும். "எங்கிட்ட இல்லம்மா, அங்கன போய்க் கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அஞ்சு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

பெட்டியை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா பிரித்துப் பார்த்து, "ரெண்டு முனை இருக்கே அண்ணாச்சி?" என்றார். பாருங்கள், அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பச்சையை மட்டும் சொருகுங்க. ஜம்முனு கேக்கும்."

"நாம பேசுதது அவுகளுக்குக் கேக்குமா?"

நான் பென் டிரைவ்காரருக்குச் சில்லறை தேடிக்கொண்டே, "எல்லாம் கேக்கும்மா, பயப்படாமக் கொண்டுபோங்க" என்றேன். பிள்ளைக்கு ஏதோ ஆன்லைன் வகுப்பு போல, உட்கார்ந்து கேட்கத்தானே போகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் பெட்டியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, திருச்செந்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். நான் அடுத்த ஆளைப் பார்த்தேன். அந்த நிமிடமே அவரை மறந்தும்விட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஆளாக அந்த அம்மாவே வந்து நின்றார். முகத்தை அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்ததும்தான் ஞாபகம் வந்தது. பெட்டி கசங்காமல், ஒட்டின டேப் கூடத் திரும்ப ஒட்டப்பட்டு, புதுசு மாதிரியே இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போணியே ரிட்டனா? "யம்மா, ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாந்தா எப்படி? யூஸ் பண்ணுன பொருளை நாங்க எடுத்துக்கிட மாட்டோம்" என்று எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மாத்த வரல அண்ணாச்சி. இத மாட்டும்போது நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

உட்காரச் சொன்னேன். அவர் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் நெஞ்சு வலி வந்து, வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடனே ஆபரேஷன் என்றிருக்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டாரோடு பத்து நிமிடம் பேச வீடியோவில் ஏற்பாடு. அந்த நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் கிடைக்காதாம். அதனால் கம்பெனியில் வேறு லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். இவருடைய போன் டிஸ்ப்ளே உடைந்து ரிப்பேரில் கிடந்திருக்கிறது. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். செய்தி கேட்டுப் புறப்பட்டவள் பஸ்ஸில் பாதி வழியில் இருந்திருக்கிறாள். வீட்டில் இருந்தது அந்த லேப்டாப் ஒன்றுதான். என் கடைக்கு வந்த அன்று, கணவர் விஷயமாகக் கம்பெனி ஏஜெண்ட் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். 'முக்கியமான' என்று ஆரம்பித்து நான் பாதியில் வெட்டியது, மறுநாள் காலை வரவிருந்த அந்த வீடியோ காலைப் பற்றித்தான்.

"பச்சையைத்தான் சொருகுனேன், நீங்க சொன்ன மாரியே. அவுக முகம் நல்லாத் தெரிஞ்சிச்சி. அவுக பேசுதது காதுக்குள்ள பேசுத மாரி கேட்டுச்சி. 'ஏளா, பயமா இருக்கு, எதாவது பேசு'ன்னாக. நான் பேசுனேன். மாதா கூட இருக்கா, பயப்படாதீங்கன்னு சொன்னேன். அவுகளுக்குக் கேக்கல. கத்துனேன். 'கேக்கல, கேக்கல'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாக. காலண்டர் தாள்ல எழுதிக் காட்டுனேன். கண்ணாடி போடாம அவுகளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு அவ போனை எடுத்தாந்து போட்டுப் பாக்கதுக்குள்ள பத்து நிமிசம் முடிஞ்சிபோச்சி."

ஆபரேஷன் மேஜையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. உடல் ஊருக்கு வந்து சேர இருபது நாள் ஆகியிருக்கிறது.

சாம்பிராணிக் கரண்டி கையிலேயே இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எம் பிள்ள அடக்கத்தன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி கேட்டுட்டா அண்ணாச்சி. 'ஒரு வயரைக்கூட ஒழுங்காச் சொருகத் தெரியாதாம்மா உனக்கு, அப்பாவை இப்படித் தனியா அனுப்பிட்டியே'ன்னு கேட்டுட்டா. காலேஜுக்குப் போனவ, நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. நானும் அதிகம் படிக்காதவ. அழுத்திச் சொருகலயா, மாத்திச் சொருகிட்டனா, என்னன்னே தெரியல. தினமும் எடுத்துச் சொருகிச் சொருகிப் பாக்கேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில்கூட என் வியாபாரப் புத்தி வேலை செய்தது. எங்கள் தொழிலில் எது கெட்டாலும் "செட்டிங்ஸ்ல ஏதோ பிரச்சினை", "நீங்க சரியாச் சொருகியிருக்க மாட்டீங்க" என்று சொல்லித் தப்பிப்பது கைவந்த கலை. அப்படிச் சொன்னால் அவரும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது. சொல் நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். தன்மேல்தான் தப்பு என்று கேட்டுக்கொள்வதற்கே அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து நிற்கிறார். என்னால் முடியவில்லை.

"யம்மா, நீங்க ஒரு தப்பும் பண்ணல. சரியாத்தான் சொருகியிருக்கீங்க. அந்த ஹெட்செட்டு உங்க லேப்டாப்புக்கு ஆகாது. பச்சையை மட்டும் சொருகுனா கேக்கத்தான் செய்யும், பேசுதது போகாது. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன். தப்பு என் மேலதான்."

அடிப்பார், சாபம் விடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படியே நடந்திருந்தாலும் தகும். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நான் தப்பாச் சொருகலையா?"

"இல்லம்மா."

"நெசமாவா? நான் தப்பாச் சொருகலையா?"

"சத்தியமா இல்லம்மா."

மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கணவருக்காக அழுதாரா, ஒரு மாதமாகச் சுமந்த பாரம் இறங்கி அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. வியாபார நேரம், ரோட்டில் ஆட்கள் போகிறார்கள் என்ற வெட்கமெல்லாம் அப்போது இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எம் பிள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லுவீங்களா அண்ணாச்சி?" என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது.

அவர் சொன்ன நம்பருக்கு என் போனிலிருந்து கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்பதால் அந்தப் பெண் எடுத்தாள். நான் யார், என்ன விற்றேன், ஏன் விற்றேன், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "எதுக்கு சார் எங்கம்மாவுக்கு அதக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் கடைப் பழக்கம் என்று அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? "தப்புத்தான் பாப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் வெகுநேரம் அழுதாள். அப்புறம் கேட்டாள், "அம்மா அங்க இருக்காங்களா? குடுங்க."

போனைக் கொடுத்தேன். அந்த அம்மா ரெண்டு கையாலும் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். "அழாதளா... ஒண்ணும் இல்ல... காலையில சாப்பிட்டியா மக்கா?" என்றார். நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

போகும்போது அவர் என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "வாரேன் அண்ணாச்சி" என்று படி இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஒருமுறை திருச்செந்தூர் போனபோது ஆலந்தலை வரைக்கும் வண்டியை விட்டேன். கோயிலுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். எந்த முகத்தோடு வீடு தேடிப் போவது என்று திரும்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் எது கேட்டாலும், "எதுக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. என்னிடம் பொருள் இல்லையென்றால் விளக்கு வைத்த நேரமானாலும் இல்லை என்றே சொல்லி, நாலு கடை தள்ளிக் கை காட்டுகிறேன். சொந்தக்காரர்கள், "ஏலே, இவன் கடைய ஒழிச்சிட்டுத்தான் ஓய்வான்" என்று கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

அந்த அம்மா என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நாளடைவில் மறந்திருப்பேன். என் தவறைத் தன் தவறாக நினைத்து, ஒரு மாதம் முழுக்க அந்த வயரைச் சொருகிச் சொருகிப் பார்த்திருக்கிறாரே, அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை. மகளை அவரோடு பேசவைக்க என் ஒரு உண்மை போதுமானதாக இருந்தது, ஆனால் அவர் தொண்டை கிழியக் கத்திய அந்த வார்த்தைகளைக் கணவரின் காதில் கொண்டுபோய்ச் சேர்க்க நான் இனி எத்தனை உண்மை பேசினாலும் ஆகாது.