மெத்தை போட்ட வேன்

கல்யாணமாகி நாலு வருஷம் வரை நான் என் வீட்டுக்காரரிடம் முழுக் குரலில் பேசியதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் நாங்கள் பதினோரு பேர். எங்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் கொழுந்தனார் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் எனக்கும் வாய் திறக்கும். அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. வேங்கிக்காலில் அப்போது புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நாம் இரண்டு பேரும் தனியாகப் போய்விடலாமா என்பதுதான் அது. பலகைக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்பதும் கோயில் ஒலிபெருக்கியில் கேட்பதும் ஒன்றுதான்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி வருவார். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் நின்றிருந்த ஒரு வெள்ளைக்கார ஜோடியின் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை. புருஷனும் பெண்டாட்டியும் அதிலேயே தேசம் தேசமாகச் சுற்றுகிறார்களாம். மூன்று நாள் அதே பேச்சு. நான்காம் நாள் ஆசாரியைக் கூட்டி வந்து வேனுக்குள் பலகை அடித்து, இலவம்பஞ்சு மெத்தையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வைத்து, என் பழைய வாயில் புடவையைக் கிழித்துத் திரை கட்டினார்.

"நாம ரெண்டு பேரும் சாத்தனூர் டேம் போறோம். அப்படியே ஜவ்வாது மலை. மூணு நாள்," என்றார்.

மூன்று நாள், ஒரு கேள்வி. தாராளம் என்று நினைத்தேன்.

இயற்கை அழகைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்ல முடியுமா? சாவு, கல்யாணம், வேண்டுதல் தவிர வேறு எதற்கும் எங்கள் வீட்டில் யாரும் ஊரைவிட்டுக் கிளம்பியதில்லை. முதல் இரண்டும் அப்போது கைவசம் இல்லாததால் வேண்டுதல் என்றோம். எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுவரை குழந்தை இல்லை. ஆகவே எல்லாச் சாமிக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நாத்தனார் தன் பிள்ளைகளோடு வேனில் ஏறியே விட்டாள். மாமியார்தான், "அவங்க ரெண்டு பேர் வேண்டுதலுக்கு நீ எதுக்குடி?" என்று இறக்கிவிட்டார். அந்த அம்மாள் மனதில் என்ன ஓடுகிறதோ என்று யோசித்துக்கொண்டே வேனில் ஏறினேன்.

தண்டராம்பட்டு ரோட்டில் ஒரு மைல் கூடப் போயிருக்க மாட்டோம். "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பித்தேன். சாலையோரத்தில் ஒரு கை நீண்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். வேன் நின்றது.

"காலியாத்தான போவுது?" என்றார் வாத்தியார்.

"ஏறுங்க சார்," என்றார் இவர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வேன் காலியாகப் போவது பாவம். அதிலும் இந்த வேன் வருஷக்கணக்காக அந்த ஊர்களுக்கெல்லாம் போய்வந்தது. ஹாரன் சத்தத்தை வைத்தே இவர் பெயரைச் சொல்வார்கள். இவருக்கோ முடியாது என்ற வார்த்தை வாயில் வராது. அடுத்த ஊரில் கீரைக்கூடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். அதற்கடுத்த ஊரில் ஒரு குடும்பம், ஐந்து பேரும் ஒரு ஆட்டுக்கடாவும். முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட கடாவாம். எங்களுடையதைப் போல் இல்லாமல் அது நிஜமான வேண்டுதல் என்பதால் நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

ஏறியவர்கள் எல்லோரும் முதலில் மெத்தையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாமா உடம்புக்கு?" என்றாள் கீரைக்காரி.

"ஒண்ணும் இல்லீங்க."

"படுக்கை போட்டு இட்டுனு போறாரு, ஒண்ணும் இல்லன்ற. எந்த ஆஸ்பத்திரி?"

நான் பதில் சொல்வதற்குள் வாத்தியார் என்னை வேலூருக்கு அனுப்பினார். கடாவைப் பிடித்திருந்த பெரியவர், வேலூரில் செலவு ஜாஸ்தி, நாட்டு மருந்தே போதும் என்றார். நான் பிழைப்பது கஷ்டம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். என்ன வியாதி என்பதில்தான் தகராறு. கீரைக்காரி தலையணையைத் தட்டிப் போட்டு என்னைப் படுக்கச் சொன்னாள். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன். அன்று பகல் முழுக்க நான் கண்ட இயற்கை அழகு, வேனின் மேல்தகடும் என் புடவைத் திரையை மென்றுகொண்டிருந்த கடாவின் தாடியும்தான். கண்ணாடியில் இவர் முகம் தெரிந்தது. கூட்டம் ஏற ஏற அதில் களை கூடிக்கொண்டே போனது.

ஒவ்வொருவரையும் அவரவர் ஊருக்குள்ளேயே கொண்டுபோய் விட்டதில், ஒரு மணி நேரப் பாதைக்கு ஒரு பகல் ஆயிற்று. சாயங்காலம் அணைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றபோது நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். எதிரே தண்ணீர், அதற்கப்பால் மலை. நான் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டேன். பொய் சொல்வானேன், அந்தக் கொஞ்ச நேரம் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"வேங்கிக்கால்ல ஒரு வீடு பாத்து நாம தனியா போயிடலாங்களா?"

இவர் டீயை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாதான் தாங்க மாட்டாங்க. வேணும்னா நீ கேட்டுப் பாரு," என்றார்.

அதற்குள் வேனைத் தட்டினார்கள். அணையில் மீன் பிடித்து விற்கும் நாலு பேர். திருவண்ணாமலைக்குத் திரும்பும்போது சொன்னால் வந்துகொள்கிறோம் என்றார்கள். "காலையில கெளம்பறோம், வந்துடுங்க," என்றார் இவர். ஜவ்வாது மலைப் பயணம் அந்தப் புளியமரத்தடியிலேயே முடிந்தது.

மறுநாள் மெத்தைமேல் மீன்கூடைகளோடு ஊர் திரும்பினோம். அடுக்களையில் மாமியார் மட்டும் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்தால் தைரியம் போய்விடும் என்று மீன் வாடையோடேயே போய் நின்றேன்.

"அத்தை, நாங்க வேங்கிக்கால்ல தனியா இருக்கலாம்னு பாக்கறோம்."

முறம் நிற்கவில்லை. "போங்களேன். ரெண்டு வருஷமா நான் அதத்தான் சொல்லினுகீறேன். சின்னவனுக்குக் கல்யாணம் பண்ணணும், ரூம் வேணும். நீதான் என்னை உட்டுட்டு வரமாட்டேன்னு அழுவுறியாமே. அவன் சொன்னான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு வருஷமாகப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் பயந்து குசுகுசுவென்று பேசியிருக்கிறேன். குறுக்கே நின்றவரோ என் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறார். அம்மாவிடமும் முடியாது என்று சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்னைக் காட்டி, எனக்கு அம்மாவைக் காட்டி, பதினோரு பேருக்கு நடுவே நிம்மதியாக இருந்துவிட்டார். தனி வீட்டில் பெண்டாட்டி ஏதாவது கேட்டால் இவர் ஒருவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் கழித்து நானும் மாமியாரும் வேங்கிக்காலுக்குக் கிளம்பினோம். வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர் சாவியை எடுத்தார். வேண்டாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார். டவுன் பஸ்ஸில் போனோம். இரண்டு அறை, ஒரு அடுக்களை, கொல்லையில் கிணறு, அதற்குப் பின்னால் வயல். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"எத்தனை பேரும்மா இருக்கப் போறீங்க?" என்று கேட்டார் வீட்டு ஓனர்.

"ரெண்டே பேருதாங்க," என்று மாமியார் முந்திக்கொண்டார்.

அந்த இரண்டாவது ஆளோடு நான் பேச்சை நிறுத்தி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.