ஸ்டெல்லா அத்தையின் வலது கண்

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்தால், ட்யூப் லைட் வெளிச்சத்திலும் என் கண்மணிகள் கறுப்பாக விரிந்தே கிடந்தன. ஸ்டெல்லா அத்தையின் நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தை, டீச்சர்; எங்களோடுதான் இருந்தாள். இரவில் நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். ஒரு சனிக்கிழமை, வேலியோரம் புதர் வெட்டிவிட்டு வந்து, கிணற்றடி வெயிலில் என் முகத்தை நிமிர்த்தி வகிடு எடுத்தாள். அவளுடைய இடது கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. வலது கண்மணி மட்டும் இருட்டில் இருப்பதுபோல் அகன்றிருந்தது. அதன் வழியாக வேறு யாரோ என்னைப் பார்த்தார்கள்.

"அத்தை, உன் கண்ணுக்குள்ள யாரோ இருக்காங்க!"

சிரித்துக்கொண்டே கண்ணாடியை எடுத்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா ஜெபம் செய்ய ஆரம்பித்தாள். அப்பா எங்களை டாக்டரிடம் கூட்டிப்போனார். டார்ச் அடித்தும் அந்தக் கண்மணி அசையவில்லை.

"டீச்சர், ஊமத்தஞ்செடியைத் தொட்டீங்களா?"

"வேலியில இருந்ததைப் பிடுங்கினேன், டாக்டர்."

"அந்தக் கையாலயே கண்ணைக் கசக்கியிருக்கீங்க. அதோட சாறு பட்டா கண்மணி இப்படித்தான் விரிஞ்சிடும். ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்."

நான்காம் நாள் அத்தை என்னை வெயிலுக்கு அழைத்தாள். "பாருடி, நான்தான்."

இரண்டு கண்மணிகளும் கடுகளவு இருந்தன. "ஆமா அத்தை" என்றேன். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் நான் அவள் பக்கத்தில் படுக்கவில்லை. அவளும் ஏனென்று கேட்கவில்லை.