டயருக்கு அண்டை கொடுத்த கல்

கல்லைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்றுதான் அர்த்தநாரி நினைத்திருந்தார். திருச்செங்கோட்டுக்காரர். சொந்த ரிக் வண்டியோடு ராஜஸ்தான் மணல்காட்டில் வருடக்கணக்காகப் போர்வெல் போட்டவர். வேலை ஓய்ந்த நேரத்தில், மணலில் கறுப்பாகத் தெரிகிற கல்லையெல்லாம் குனிந்து பார்ப்பார். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். காந்தம் இழுத்தால் அது விண்கல், ஊருக்கு வரும். இழுக்காவிட்டால் காலால் ஒரே எத்து.

வீட்டு ஷோகேஸில் பொம்மைகளை இறக்கிவிட்டுக் கற்களை ஏற்றினார். "ராஜஸ்தான் போனவங்கெல்லாம் சேலை வாங்கியாறாங்க, எங்கூட்டுக்காரரு சல்லி வாரியாறாரு" என்று மனைவி சாலம்மாள் சொல்லாத நாளில்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

போன தை மாதம், விண்கல் ஆராய்ச்சி செய்கிற ஆட்டையாம்பட்டி ஜெயப்பிரியா கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார்.

"எல்லாமே நெசமான விண்கல்லுங்க" என்றார். அர்த்தநாரி மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆனா எல்லாம் ஒரே வகைங்க. இதுக வந்த சிறுகோளுக உருகவே இல்ல. அதனால இரும்பு பொடிப்பொடியா அங்கங்கயே கெடக்குது. சில சிறுகோளு அந்தக் காலத்துலயே உள்ளுக்குள்ள வெந்து உருகிருச்சுங்க. கனமான இரும்பு நடுவுக்கு எறங்கிரும். மேல வந்த பாறைக் குழம்பு ஆறி, கருங்கல்லாட்ட இறுகிரும். அந்த மேல்தோல்ல இருந்து பேந்து வந்த கல்லைக் காந்தம் சட்டையே பண்ணாதுங்க. வெளிய தார் பூசுனாப்புல மினுங்கும், ஒடைச்சா உள்ள சாம்பல் நெறம். அப்படியொண்ணு உங்க கண்ணுல படலீங்களா?"

அர்த்தநாரியின் கண்ணில் பட்டிருந்தது. காந்தம் வேண்டாமென்ற கல்தான். ஆனால் ஒரு பக்கம் நல்ல சரிவு. ரிக் வண்டி உருளாமல் இருக்கப் பின்டயருக்கு அண்டை கொடுக்க ஆகுமென்று எடுத்து வைத்திருந்தார்.

வண்டி அப்போது கெங்கவல்லியில் ஒரு தோட்டத்தில் நின்றது. டிரைவர் ஈஸ்வருக்குப் போன் போட்டார்.

"அண்டைக்கல்லுங்ளா? போன வாரம் டயரு ஏறி ரெண்டாப் பொளந்து போச்சுங்ணா. கெணத்து மேட்டுல தூக்கிப் போட்டுட்டேன்."

அர்த்தநாரி சட்டையைக்கூட மாற்றாமல் பைக்கில் கிளம்பிவிட்டார். கிணறு வெட்டிக் குவித்த மேடு முழுக்கக் கருங்கல். ஒவ்வொன்றாகப் புரட்டப் புரட்ட அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பாறையைத் துளைத்துப் பிழைக்கிறவன் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டானே!

புரட்டிய கல்லெல்லாம் உள்ளும் புறமும் ஒரே நிறம். கை சிராய்த்து ரத்தம் வந்த பிறகுதான் அது அகப்பட்டது. ஒரு பக்கம் தார்ப்பூச்சு, உடைந்த பக்கம் சாம்பல். மறுபாதியும் அதனடியிலேயே கிடந்தது. அர்த்தநாரி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

புரட்டாசியில் ஆய்வு முடிவு வந்தது. பாறைக் குழம்பு இறுகிய கல்தான், பெரும்பாலும் வெஸ்டா என்ற சிறுகோளின் மேலோட்டில் இருந்து வந்தது என்றார் ஜெயப்பிரியா. சாலம்மாள் தானாகவே ஷோகேஸின் மேல்தட்டைத் துடைத்து அதற்கு இடம் கொடுத்தாள்.

"ஏனுங்க, சந்தோசமா இல்லாம இப்படி உக்காந்திருக்கறீங்க?"

"எத்தித் தள்ளுனதையெல்லாம் நெனச்சுக்கிட்டேன் சாலா."

பிறகு எழுந்து ஈஸ்வருக்குப் போன் போட்டார்.

"தீவாளி முடிஞ்சதும் ராஜஸ்தான் போறோம். எத்துன எடமெல்லாம் எனக்குத் தெரியும்."

"காந்தத்தை எடுத்து வெச்சறட்டுங்ளா?"

"அத டயருக்கு அண்டை குடு."