நீச்சல் தடாகம் வைத்த நாற்சார் வீடு

என் பந்தல் இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மகள். கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். படத்தில் இருந்தது அன்று காலை நான் பழுத்த இலை பொறுக்கிய அதே முந்திரிகைப் பந்தல்தான். குலைகளுக்குப் பின்னால் மச்சானின் வீடு தெரிந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: ‘வைன் கிராமத்தில், பழைமை மாறாமல் புதுப்பிக்கப்பட்ட நாற்சார் வீடு, நீச்சல் தடாகத்துடன்.’

வைன் கிராமமாம். அச்சுவேலிப் பக்கத்தில் நாங்கள் திராட்சையை முந்திரிகை என்போம், நடுவோம், சந்தைக்கு அனுப்புவோம். விலை விழுந்த நாட்களில் மிஞ்சிய பழத்தை வைன் போடுகிறவர்கள் வந்து அள்ளிப்போவார்கள். எங்களுக்கும் வைனுக்கும் அவ்வளவுதான் உறவு. ஆனால் வைன் என்பதை விட, ‘பழைமை மாறாமல்’ என்பதைப் படித்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சான் என் பெரிய மாமாவின் மகன். கனடாவில் இருக்கிறார். சண்டைக் காலத்தில் கூரை போய், பாம்பும் பற்றையும் குடியிருந்த வீட்டை அவர் திருத்தி எடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விறாந்தைத் தூண்களைச் சுரண்டி மெருகேற்றினார். ஊர் ஊராக அலைந்து பழைய ஓடு வாங்கினார். நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த நடு முற்றத்தில் கைவைக்கவில்லை. நானே சாட்டுச் சொல்லிப் போய்ப் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு பின்வளவில் நீச்சல் தடாகம் வெட்டினார்கள். அதை நிரப்ப ஆழமாக ஒரு குழாய்க்கிணறும் இறக்கினார்கள்.

எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் மேலே நிற்கும், கடல் தண்ணீர் கீழே கிடக்கும். மட்டாக இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். பேராசைப்பட்டு ஆழத்திலிருந்து உறிஞ்சினால் உப்பு ஏறும். இங்கே பிறந்த எவருக்கும் இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. மச்சானும் இங்கே பிறந்தவர்தான்.

அவர் வளவுக்கும் என் வளவுக்கும் எல்லையில் ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. பாதி அவருக்கு, பாதி எனக்கு. என் முந்திரிகைக்கு வேறு தண்ணீர் கிடையாது. தடாகத்தை நிரப்புவதும், பாசி பிடித்துவிட்டது என்று இறைத்துக் கொட்டுவதும், மறுபடி நிரப்புவதுமாக ஒரு கோடை போனது. என் தேத்தண்ணீர் உப்புக் கரித்தது. இலைகளின் ஓரம் கருகியது. கனடாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

“மாரி பெய்ய எல்லாம் சரிவரும், மச்சாள். சும்மா பதகளிக்காதேங்கோ,” என்றார்.

மாரி பெய்தது. உப்புக் கொஞ்சம் குறைந்தது. உடனே அவர் ஆள் வைத்துத் தடாகத்தை நிரப்பினார். இணையத்தில் போடப் படம் எடுக்க வேண்டுமாம். ஊரில் நியாயம் கேட்டேன். கிணற்றில்தான் எனக்குப் பங்கு, அவர் தன் வளவுக்குள் இறக்கிய குழாயைப் பற்றி எனக்கென்ன கதை என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து சட்டி பானையோடு சண்டை பிடித்தேன்.

விற்பதற்காக மச்சான் நேரில் வந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் ஓட்டையும் சுவரையும் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்ப்பார்கள். அது மச்சானுக்கு மறக்கவில்லை. காலையில் நான் அடுப்பு மூட்டும்போதே என் குசினி வாசலில் நின்றார்.

“மச்சாள், ஒரு உதவி. கோயில் கிணத்திலை ஒரு குடம் அள்ளி எங்கடை குசினியிலை வச்சு விடுங்கோ. வீடு பாக்க வாறவர் குடிச்சுப் பாப்பார்.”

“ஏன், எங்கடை கிணத்துக்கு என்ன?”

“உங்களுக்குத் தெரியுந்தானே.”

“எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் எண்டதுதான் இப்ப தெரியுது. நான் அள்ளமாட்டன்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தானே காரில் போய் அள்ளி வந்தார்.

வந்தவர் காங்கேசன்துறைக்காரர், கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மச்சான் அலங்காரத்துக்கு அடுக்கி வைத்திருந்த பழைய பித்தளை மூக்குப்பேணி ஒன்றை எடுத்து அதில் தண்ணீர் கொடுத்தார். வந்தவர் குடித்துவிட்டு நல்ல தண்ணி என்றார். பிறகு கிணறு எங்கே என்று கேட்டுக்கொண்டு நேரே நடந்து வந்தார். நான் பந்தலின் கீழ் நின்றேன்.

“தங்கச்சி, நான் குடிச்ச தண்ணி இதிலையே அள்ளினது?”

மச்சான் அவருக்குப் பின்னால் நின்று என்னைக் கண்ணால் கெஞ்சினார். நான் வாளியை இறக்கி, அள்ளி, அவர் கையிலிருந்த மூக்குப்பேணியில் ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். பிறகு குழாய்க்கிணற்றையும் தடாகத்தையும் பற்றி ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. “வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணியிலை கிடந்தனான். வீட்டிலையாவது நல்ல தண்ணி வேணும். அந்தக் குழாயை மூடித் தாங்கோ தம்பி, தடாகத்தையும் தூர்த்து விடுங்கோ. ரெண்டு மூண்டு மாரியோடை கிணறு திருந்தும். சொன்ன விலைக்கே எடுக்கிறன்,” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. என் முந்திரிகை பிழைத்தது என்றே நினைத்தேன்.

“தடாகம் இல்லாட்டி உது சும்மா பழைய வீடு, ஐயா,” என்றார் மச்சான்.

பழைமையை விற்க வந்த மனிதர் சொன்ன கதை இது. காங்கேசன்துறைக்காரர் மூக்குப்பேணியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனார். சொந்தக்காரி செய்கிற வேலையா இது என்று மச்சான் கேட்டார். நான் வாளியில் மிஞ்சிய தண்ணீரை முந்திரிகையின் அடியில் ஊற்றினேன்.

கடைசியில் வீட்டை வாங்கினவர்கள் ஒரு இளம் தம்பதி. வெளிநாட்டில் இருந்து படத்தைப் பார்த்தே வாங்கி விட்டார்கள். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் காசு அனுப்பினார்களாம். மச்சான் என்னிடம் சொல்லாமலே கனடாவுக்குப் போனார்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று பின்னேரம் அந்தப் பெண் வேலிக்கு அருகே வந்தாள்.

“அன்ரி, இந்த முந்திரிகை ஏன் கருகிக் கிடக்குது? படத்திலை நல்ல பச்சையா இருந்ததே. இது எங்கடை யன்னலுக்கு நேரை வருது. கொஞ்சம் வடிவா வச்சிருப்பியளே?”

நான் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி வேலிக்கு மேலால் நீட்டினேன்.

“குடிச்சுப் பாருங்கோ, பிள்ளை.”

அவள் சிரித்தபடி கையை ஆட்டினாள். “வேண்டாம் அன்ரி. நாங்கள் போத்தல் தண்ணிதான் குடிக்கிறது.”

“முந்திரிகைக்கு நான் போத்தல் தண்ணி வாங்கி ஊத்தேலாது,” என்றேன்.

அவளுக்கு அது பகிடியாகப் பட்டது போல. சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பின்வளவில் குழாய்க்கிணற்று மோட்டர் ஓடத் தொடங்கியது.